ஆறு மாத வங்கிக் கூற்று

தொழில் என்ற கட்டத்தில்
கணக்கு எழுதுநர் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
எட்டரையிலிருந்து ஐந்தரை வரை
இறக்குமதியாகும் பிளாஸ்டிக் வாளிகளை எண்ணுகிறேன்.
மிச்ச நேரத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.

மிச்ச நேரம்
தெமட்டகொடையில், இம்தியாஸின் மாமாவுடைய டயர்க் கிடங்கில்.
சுவரை மறைத்து டயர், கூரை முட்ட டயர்.
பக்கத்து வீட்டுக் குழந்தைகூட எழும்பாது.
சுரங்க கிட்டார்த் தந்திகளைத்
தொய்யத் தொய்ய இறக்கிவைப்பான்.
ஜெரார்டின் கால்கள் நிமிடத்துக்கு இருநூற்றைம்பது தரம் உதைக்கும்;
திங்கள் காலை அதே கால்களோடு பொரளைக்குப் போய்
மற்றவர்களின் முழங்கால்களைச் சரிப்படுத்துவான்.
நான் கத்துவேன்.
பாடுவேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

முதல் நிகழ்ச்சி மருதானையில், ஒரு தொழிற்சங்க மண்டபம்.
பத்தொன்பது பேர். அதில் நால்வர் அடுத்த குழு,
ஒருவர் காவலாளி.
அவர்தான் கடைசிவரை நின்றார்,
கதவு பூட்ட வேண்டுமே.

பிறகு கசெட். அறுபது பிரதி.
வெள்ளவத்தைத் தபாற் கந்தோரில்
பண்டுங், ஒசாகா, தம்பெரே, பொகோட்டா என்று
முகவரி எழுத எழுத
கவுண்டரில் இருந்த அக்கா கேட்டா:
"எல்லா இடமும் சொந்தக்காரரோ?"
ஓம் என்றேன்.
பொகோட்டாவிலிருந்து பதில் கசெட்
பதினொரு மாதம் கழித்து நனைந்து வந்தது.
பூஞ்சணம் பிடித்த ஒலி.
அதுதான் அவர்களுடைய பாணியா, ஈரமா என்று
இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை.

பண்டுங்கில் சம்பளம் டீசேர்ட்.
போயா தினத்துக்கு முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு
கடைக்குப் போனேன்.
முதலாளி நெஞ்சிலிருந்த எழுத்தைக் கண் சுருக்கிப் பார்த்தார்.
வாசிக்க முடியாதபடி எழுதுவதுதான் அதன் லட்சணம்.
"வேர் மாதிரிக் கிடக்கு. மூலிகை வியாபாரமோ?"

ஒரு வருடம் விசா மறுத்தார்கள்.
சுவரொட்டியில் எங்கள் பெயர்மேல்
கறுப்பு ஒட்டுநாடா ஒட்டிப் படம் அனுப்பினார்கள்.
அந்த இரவு எழுதியதுதான் மூன்றாவது பாட்டு.
புதிதாக ஒரு சொல்லும் இல்லை,
தூதரகம் கேட்ட ஆவணங்கள், கேட்ட வரிசையில்:
பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்,
கிராம சேவகர் சான்றிதழ்,
ஆறு மாத வங்கிக் கூற்று,
ஆறு மாத வங்கிக் கூற்று,
ஆறு மாத.

அடுத்த வருடம் லைப்சிக்.
நிலக்கரிக் கிடங்காக இருந்த நிலவறை, குனிந்துதான் நிற்கலாம்.
முன்வரிசையில் தாடிக்காரன் ஒருவன்
கசெட்டில் கேட்டுப் பாடமாக்கியிருந்தான்;
கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க
என்னோடு கத்தினான்:
"வாங்கிக் கூட்டு! வாங்கிக் கூட்டு!"
முடிந்தபின் வந்து கேட்டான்,
அது என்ன, சாபமா, மந்திரமா?
சொன்னேன்.
சிரித்தான். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
எனக்கொரு பியர் வாங்கித் தந்தான்.
நான் குடிப்பதில்லை. ஜெரார்ட் குடித்தான்.

இந்தத் தரம் ஐந்து நாடு, பதினேழு இரவு.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
என் சேமிப்பை ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.
"திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி?"
இரண்டாம் திகதி நாலாயிரம் வாளி வருகிறது என்றேன்,
எந்தக் கசெட்டிலும் இல்லாத
என் மெல்லிய குரலில்.
அதை எழுதினாளா, தெரியவில்லை.

முடிவு வர மூன்று கிழமையாகும்.
மத்தியான இடைவேளையில்
மற்றவர்கள் சோற்றுப் பார்சல் பிரிக்கும் நேரம்
கடையின் பின்கட்டுக்குப் போகிறேன்.
இருபது லீற்றர் நீல வாளி ஒன்றைக்
கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு
அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து
மெதுவாகத் தொடங்குகிறேன்.
திரும்பி வருவீர்களா.
உள்ளே நல்ல எதிரொலி.
பச்சை வாளியில் இவ்வளவு இல்லை.